தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

என் அக்கா அமிர்தத்துக்குப் பிழைத்தது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடாமல் அக்கா என்றே கூப்பிட்டான். வாலிபனான பிறகும் அப்படித்தான், மீசை நரைத்த பிறகும் அப்படித்தான். பெற்றவளை மதிக்காதவன் என்று எங்கள் கச்சிராயபாளையத்தில் அவனைப் பேசியவர்கள் உண்டு. அப்படிப் பேசியவர்களை நான் டீக்கடை வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறேன். என்னை எதிர்த்துப் பேச இந்த ஊரில் ஆள் கிடையாது, அதனால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் வாயை மூடவைத்தால் மட்டும் போதாது, நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைத் தெரியாதவர்கள் கொஞ்சம் பேர் இருக்கலாம். நான் கண்ணாயிரம். படிப்பு மூன்றாம் வகுப்பு. கோமுகி அணை கட்டும்போது மாட்டு வண்டியில் கல் ஏற்றியவன். அப்புறம் டிராக்டர் வாங்கினேன், லாரி வாங்கினேன். ஆலைக்குக் கரும்பு போகிற பருவத்தில் என் வண்டிகள் கிளம்பினால் மற்ற வண்டிக்காரர்கள் ஓரங்கட்டி நிற்பார்கள். இதில் ஒரு கைப்பிடி கூட எவனும் எனக்குக் கொடுத்ததில்லை. என் கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அது இருக்கட்டும், இது அக்கா கதை.

எங்களைப் பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். அக்காவைக் கொளஞ்சியப்பன் என்கிற கூலிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தபோது, தாலி கட்டிய கையோடு அவள் கேட்டது ஒன்றுதான்: "எந்தம்பியும் எங்கூடதான் வருவான்." அப்படி வந்தவன் நான். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. அவளும் அவள் புருஷனும் அடுத்தவன் நிலத்தில் களையெடுத்து, கரும்பு வெட்டி எனக்குச் சோறு போட்டார்கள்.

அவளுக்கு முதல் பிள்ளை காய்ச்சலில் போனது. இரண்டாவது பேர் வைக்கும் முன்பே போனது. மூன்றாவது பெண், சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தது, அதுவும் போனது. நாலாவது தடவை வயிற்றில் வந்தபோது அக்கா யாரிடமும் சொல்லவில்லை. வயிறு தெரிகிற வரைக்கும் மறைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

பக்கத்து வீட்டில் பெரியம்மாள் என்று ஒரு கிழவி இருந்தாள். ஊர்ப் பிரசவமெல்லாம் அவள் கையில்தான். அவள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்.

"ஒன் வயித்துல பொறந்ததுன்னு தெரிஞ்சா அது வந்து தூக்கிக்கினு பூடுதுடி. இந்தத் தபா ஒன்னுதுன்னே காட்டிக்காத. தவுட்டுக்குக் குடுத்துடு."

"யாருக்கு ஆயா குடுக்கறது?"

"நம்ம ஊரு தண்ணி குடிக்காதவளாப் பாரு. மலைக்காரி எவளாச்சும் சந்தைக்கு வருவா இல்ல?"

அப்படிப் பார்த்துக் கிடைத்தவள்தான் செல்லியம்மாள். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து சாமையும் கடுக்காயும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சந்தையில் விற்றுவிட்டு, எங்கள் வீட்டுப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மலையேறுவாள். சிரித்த முகம். கேட்டதும் ஒத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்து தீட்டு கழிந்த பிறகு ஒரு சந்தை நாளில் வந்தாள். ஒரு முறம் நிறையச் சாமைத் தவிட்டை அக்காவின் முந்தானையில் கொட்டினாள். பிள்ளையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"இந்தா, எம்புள்ள. வளத்து வையி. கேக்கறப்ப குடுத்துடணும், தெரியுதா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. "சரிங்க" என்றாள்.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஐந்து வயதில் பிள்ளைக்கு மொட்டை போடும்போது வாங்கியவள் வந்து, தவிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் பெற்றவள் மடியில் வைக்க வேண்டும். அதுவரைக்கும் இவள் வாயில் 'என் பிள்ளை' வரக்கூடாது. அவன் வாயில் 'அம்மா' வரக்கூடாது. வந்தால், முதல் மூன்று பிள்ளைகளையும் கொண்டுபோன அது கேட்டுவிடும், வந்துவிடும். அவ்வளவுதான்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் முன்பே கொளஞ்சியப்பன் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்து இறந்தார். அக்காவுக்கு மிச்சம் அந்தப் பிள்ளையும் நானும். அவள் பயம் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் பேசத் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவில் இருக்கிறது. மழை பெய்து விட்டிருந்தது. களையெடுத்துவிட்டுச் சேறும் ஈரமுமாக அக்கா வந்தாள். பிள்ளை என் இடுப்பில் இருந்தான். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவினான். "ம்மா" என்றான். அப்புறம் தெளிவாக, "அம்மா".

அக்கா அப்படியே நின்றாள். அடுத்த நொடி அவன் வாயில் ஓங்கி ஓர் அடி. முளைத்திருந்த பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. "சொல்லாத! நான் அக்கா. அக்கா சொல்லு. அக்கா!" என்று கத்தினாள். பிள்ளை அழவே மறந்து அவளையே பார்த்தான். அவள் கொல்லைக்கு ஓடிப் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "டே கண்ணாயிரம், நீ என்னை அக்கா அக்கான்னு சத்தமாக் கூப்புட்டுக்கினே இருடா. ஒன்னப் பாத்துக் கத்துக்கட்டும்" என்றாள். நானும் கூப்பிட்டேன். அக்கா தண்ணி குடு, அக்கா மாட்டக் கட்டு, அக்கா இங்க வா. அப்படித்தான் என் வாயிலிருந்த வார்த்தை அவன் வாய்க்குப் போனது.

பிள்ளைகள் கீழே விழுந்தால் அம்மா என்றுதான் அலறும். எனக்கு இந்த வயதில் கல் தடுக்கினாலும் அதுதான் வருகிறது. அவனுக்கும் முதலில் வந்தது. வந்தபோதெல்லாம் அடி விழுந்தது. ஒரு நாள் படியில் இடறி விழுந்து முழங்கால் கிழிந்தபோது, "அக்கா!" என்று அலறினான். அன்றைக்கு அக்கா அவனைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டாள். வேலை முடிந்தது போல அவள் முகம் இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். பேர் தவுடன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அந்தப் பேர் வேண்டாம், ராஜாங்கம் என்று எழுதுங்கள் என்று வாத்தியாரிடம் சொன்னவன் நான். இருபது வயது கூட ஆகவில்லை, அப்போதே எனக்கு அந்தத் துணிச்சல். வாத்தியார் அவனிடம், "அம்மா பேரு இன்னாடா?" என்று கேட்டார். அவன் அவர் முகத்தைப் பார்த்து, "தெரியாதுங்க சார்" என்றான். அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமே என்பீர்கள். செல்லியம்மாள் வரவில்லை. மொட்டை போட வேண்டிய வருஷம் சந்தை சந்தையாக அக்கா போய் விசாரித்தாள். அவள் புருஷன் சின்னக்கண்ணு குடும்பத்தோடு குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

"போதுங்க்கா. அவ வராட்டி இன்னா, நாமளே சாமி முன்னாடி எடுத்துக்கலாம்" என்று நான் சொன்னேன். அப்போதே சொன்னேன்.

"குடுத்தது நான். வாங்குனவ திருப்பிக் குடுக்காம நானா எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு. திருடுன புள்ள நெலைக்குமாடா?"

"அப்ப எப்பதான் எடுப்ப?"

"அவ வரட்டும்."

அவள் வரவில்லை. வருஷங்கள் போயின. அக்கா அவனுக்கு நல்ல மீன் துண்டாகப் பார்த்துப் போடுவாள், போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். எண்ணெய் தேய்க்க என்னை விடுவாள். அவன் படுத்தது என்னோடு. வளர்கிற பிள்ளைக்குத் தாய் கை எங்கெல்லாம் படவேண்டுமோ அங்கெல்லாம் என் கைதான் பட்டது. என் கை கல் ஏற்றிய கை, அது எப்படி இருக்கும்.

நம் பக்கத்தில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்பார்கள். பிள்ளை அழும். உடனே தாய்க்காரி சிரித்துக்கொண்டே இழுத்து அணைத்துக்கொள்வாள். இவனை அப்படிப் பிள்ளைகள் சீண்டியபோது இவன் வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டான். "என்ன தவுட்டுக்கா வாங்குன?" அக்கா சிரிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. "இல்ல, குடுத்தேன்" என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அவனுக்கு அது என்னவென்று விளங்கியிருக்கும்?

பதின்மூன்று வயதில், மீசை அரும்பும் முன்பே, ஒரு காலையில் அவனைக் காணவில்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாம் யார் என்ற கேள்வி வருமாம். வாங்கியவள் யார், எந்த ஊர் என்று பெரியம்மாளிடம் விசாரித்துக்கொண்டு, இவன் அதைக் கேட்கக் காலால் நடந்தே போய்விட்டான். மலைப் பக்கம் போனதைப் பார்த்ததாக ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள். நான் பின்னாலேயே ஏறினேன். அப்போது எனக்கு இருந்த கால் பலத்துக்கு அந்த ஏற்றம் ஒன்றுமில்லை. மத்தியானம் கரியாலூர் தாண்டி ஒரு கொட்டாயில் அவனைப் பிடித்துவிட்டேன்.

செல்லியம்மாள் இருந்தாள். குடகிலிருந்து திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். புருஷனுக்கு உடம்பு முடியாததால் சந்தைக்கு இறங்குவதில்லையாம். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். இவன் எதிரில் நின்றிருந்தான்.

"யாருடா தம்பி நீ? அப்பத்திலேருந்து நின்னுக்கினே இருக்க. இன்னா வேணும்?"

"என்ன நீங்கதான் வாங்குனீங்களாம்."

"எத வாங்கினேன்?"

"என்ன. தவுட்டுக்கு."

அவளுக்கு நினைவே வரவில்லை. அவளுடைய சொந்தப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தன. நான் போய் எடுத்துச் சொன்ன பிறகுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அட சாமீ! அந்தப் புள்ளையா? இன்னுமா கெடக்குது அது? அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானேங்க. அந்தம்மா அப்பவே எடுத்துக்கினு இருக்கும்னு நெனச்சேன்." பிறகு அவனைக் கிட்டக் கூப்பிட்டு முகத்தைத் தடவினாள். "நான் பெக்கலடா ஒன்ன. கீழ ஒருத்தி இருக்குறாளே, பூவரச மரத்து வூட்டுல, அவதான் ஒங்கம்மா."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மலையேறி வந்து தேடியவள் தன்னை மறந்தே போயிருந்தாள் என்பதுதான் அவனுக்கு முதலில் உறைத்திருக்கிறது. அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

செல்லியம்மாள் நல்லவள். மறுநாளே எங்களோடு இறங்கி வந்தாள். தெருவே கூடிவிட்டது. அக்காவைப் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். அக்கா ஒரு முறம் தவிட்டைச் செல்லியம்மாள் முந்தானையில் கொட்டினாள். செல்லியம்மாள் இவன் தோளை அழுத்தி அக்கா மடியில் உட்கார வைத்தாள். கைப்பிள்ளைக்குச் செய்கிற சடங்கு அது. இவனுக்கு மடி கொள்ளவில்லை, இரண்டு காலும் தரையில் நீண்டு கிடந்தன. பெண்கள் சிரித்தார்கள். "மாப்ளய மடில வெச்சிருக்கா பாரு" என்று ஒருத்தி சொன்னாள். அக்கா மட்டும் இரண்டு கையாலும் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, உம்புள்ள. எங்கணக்கு முடிஞ்சிது" என்றாள் செல்லியம்மாள். "டே, இப்பக் கூப்புடு. அம்மான்னு வாய் நெறையக் கூப்புடு."

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சட்டென்று ஒரு கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான், யாரோ அடிக்க வருவது போல.

"வெக்கப்படறான். நாளைக்குச் சொல்லுவான்" என்று பெரியம்மாள் சமாளித்தாள்.

நாளைக்கும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை. ஆனால் அன்றைக்கிருந்து அவள் ஒன்றுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவன் வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு தரமும் அவள் கை வேலையை நிறுத்தும். "அக்கா, சோறு போடு" என்பான். கை திரும்ப வேலையைத் தொடங்கும்.

அவன் வளர்ந்து ஆளானதும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர் வேலை வாங்கிக் கொடுத்தேன். கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஓடுகிற டவுன் பஸ். பஸ் முதலாளி என் சொல்லைத் தட்டியதில்லை. நான் கேட்டு இல்லை என்று சொன்ன முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. கல்யாணமும் நானே நின்று முடித்து வைத்தேன். பெண் பாப்பாத்தி, வாய்த்துடுக்கு உண்டு, மனசு நல்லது. வந்த புதிதில் என்னிடமே கேட்டாள்:

"இவுரு அத்தைய அக்காங்கறாரு. அப்ப இது எனக்கு மாமியாளா, நாத்தனாளா? மொறை தெரியாம எப்பிடி சண்ட போடறது பெரியவரே?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

அவர்களுக்குக் கமலா பிறந்தாள். அந்தக் குழந்தை முதல் தரம் அம்மா என்று சொன்னபோது பாப்பாத்தி தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். திரும்பி வந்ததும் அக்கா குழந்தையை வாங்கினாள். ஒரு விரலால் அதன் உதட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். ராஜாங்கம் வாசற்படியில் நின்று இதைப் பார்த்தவன், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கண்டக்டர் வேலையில் ஒரு வேடிக்கை. "ஏறும்மா, உள்ள போம்மா, கூடைய மேல வைம்மா" என்று அவன் வாயில் நாள் முழுக்க அந்த வார்த்தைதான். ஊரில் உள்ள பொம்பளைகள் எல்லாருக்கும் அது கிடைத்தது. ஒரு சந்தை நாள் பஸ்ஸில் ஒரே நெரிசல். அக்கா கூட்டத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவன் பின்னாலிருந்து, யாரென்று பார்க்காமல், "அம்மா, கொஞ்சம் நவுந்து நில்லும்மா" என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயந்தரம் அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

"டே, கூப்ட்டாண்டா."

"யாரு?"

"அவந்தான். பஸ்ஸுல. அம்மான்னான். ரெண்டு தபா."

விஷயத்தை முழுக்கச் சொன்னாள். "அது எல்லாரையும்தான் சொல்றாங்க்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நீ சும்மா கெட."

அதற்கப்புறம் அவளுக்குக் கள்ளக்குறிச்சியில் அடிக்கடி ஜோலி வந்தது. ஒரு நாள் வளையல், ஒரு நாள் கண் மருந்து. என் வீட்டில் வண்டி நிற்கிறது, சொன்னால் டிரைவர் கொண்டுபோய் விடுவான். வேண்டாம் என்பாள். கூட்டமான பஸ்ஸாகப் பார்த்து, முக்காட்டை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறுவாள். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாள். கையை மட்டும் பின்னால் நீட்டிச் சில்லறை கொடுப்பாள். "எங்கம்மா போவணும்? உள்ள போம்மா" என்று அவன் சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டு போவாள், கேட்டுக்கொண்டு வருவாள். யாருக்கும் தெரியாது. எனக்கும் பாப்பாத்திக்கும்தான் தெரியும். பாப்பாத்தி தன் வாய்த்துடுக்கையெல்லாம் விட்டுவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சில மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டான். கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டு அக்காவின் ஆள்காட்டி விரல் கோணிப்போயிருக்கும். சில்லறையை வாங்கப் போனவன் அந்த விரலைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அக்கா? ஒனக்கு எதுக்குக்கா டிக்கெட்டு?"

பக்கத்தில் நின்ற ஒரு ஆள் சும்மா இருக்கவில்லை. "ஏ கண்டக்டரு, இது ஒன் அக்காவா? ஒனக்கு அம்மா மாரி இல்ல இருக்குது!" பஸ்ஸே சிரித்தது. அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கரும்புத் தோட்டத்து ஓரமாக வீடு வரைக்கும் நடந்தாள். அதற்கப்புறம் அவள் பஸ் ஏறவே இல்லை.

அன்று வேலை முடிந்ததும் ராஜாங்கம் என்னிடம் வந்தான். பையைக் கூடக் கழற்றவில்லை.

"மாமா, அக்கா எதுக்கு முக்காடு போட்டுக்கினு வருது?"

சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு சொன்னான்:

"எனக்கு இன்னா ஆசையில்லையா மாமா? சொல்லணும்னு தனியா இருக்கறப்ப சொல்லிப் பாப்பேன். நல்லா வருது. அது எதுர்ல வந்து நின்னா வாய் வலிக்குது மாமா."

"எங்கடா வலிக்குது?"

அவன் கீழ் உதட்டைத் தொட்டுக் காட்டினான். பல் குத்தி ரத்தம் வந்த அதே இடம்.

அந்த அடி விழுந்தபோது அவனுக்கு ஒரு வயதும் கொஞ்சமும்தான். யாரும் அவனிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பிற்பாடு கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத் திறப்பு விழாவில் ஒரு மனநல டாக்டர் பேசினார். (நான் முதல் வரிசை, எனக்குச் சால்வை போட்டார்கள்.) பேச்சு வருவதற்கு முன்னால் பிள்ளைக்கு நடப்பதெல்லாம் நினைவில் இருக்காது, ஆனால் உள்ளே தங்கிவிடும், பெரியவன் ஆனாலும் அங்கேயே நிற்கும் என்றார். அவர் படித்துச் சொன்னார். நான் ராஜாங்கத்தின் உதட்டில் பார்த்திருக்கிறேன்.

அன்று சத்தியத்தை மீறி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டான்.

"எனக்கு ஞாபகமே இல்லியே மாமா."

"ஒனக்கு இல்ல."

"உயிரு பூடும்னு பயந்துதான அடிச்சிது? அப்பறம் இன்னா." எழுந்து பையைத் தட்டிக்கொண்டான். "அதங்கிட்ட நீ சொன்னேன்னு காட்டிக்காத. வருத்தப்படும்."

வீட்டுக்குப் போய் அன்று அவள் போட்ட சோற்றைத் தின்றான், அவள் காலுக்கு மருந்து தேய்த்துவிட்டான். சொல்ல மட்டும் முடியவில்லை. அதற்கு அப்புறமும் பல வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவனைப்போலத் தாயைப் பார்த்துக்கொண்ட மகன் இந்த ஊரில் யாரும் இல்லை. ஒரு வார்த்தைதான் கம்மி.

அக்கா கடைசியாகப் படுத்தது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில். பெரிய இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றேன், என்னால் முடியாதா? அவள்தான் மாட்டேன் என்றாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்றார். ராஜாங்கத்துக்கு அப்போது ஐம்பதுக்கு மேல். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"இனிமேட்டு நாள் இல்லடா" என்றேன்.

"இன்னிக்கிச் சொல்லிடறேன் மாமா."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான். நான் அவன் பின்னாலேயே வார்டுக்குள் போனேன். அது பொம்பளைகள் வார்டு. கட்டிலுக்குக் கட்டில் ஒருத்தி அம்மா அம்மா என்று முனகிக்கொண்டிருந்தாள். ஊசி போடும்போது ஒருத்தி அலறினாள். ஒரு பெண், "அம்மா, கொஞ்சம் எழுந்து குடிம்மா" என்று தன் தாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நர்ஸைக் கூப்பிடுகிறவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. ராஜாங்கம் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கழுத்து நரம்பு எழும்பியது.

"அம்மா" என்றான்.

தெளிவாகத்தான் சொன்னான். நான் கேட்டேன். அக்கா அசையவில்லை.

"அம்மா. அம்மா!"

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு கிழவி, "இன்னாப்பா?" என்றாள். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்காதவள் இல்லை அவள். அரை மணி நேரம் முன்புதான் என்னிடம் மெல்லப் பேசினாள். அந்தச் சத்தம் தனக்கு வருகிற சத்தம் இல்லை என்று ஐம்பது வருஷமாக இருந்து பழகியவள். ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அவன் உதட்டில் வியர்வை. நாலாவது தரம் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"அக்கா."

உடனே திரும்பினாள். முகம் மலர்ந்தது. "எப்படா வந்த? சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க்கா."

"பாப்பாத்தி இன்னா செஞ்சா?"

"கொழம்பு வெச்சிருக்குது."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். உன்னைக் கூப்பிட்டான் அக்கா, மூன்று தரம் கூப்பிட்டான், வாய் நிறையக் கூப்பிட்டான். ராஜாங்கம் என் கையைப் பிடித்து அழுத்தினான். வேண்டாம் என்று தலையாட்டினான். நான் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் அவள் போய்விட்டாள்.

அவளுக்குச் செய்ய வேண்டியதை நான் எந்தக் குறையும் இல்லாமல் செய்தேன். மேளம், பூப்பல்லக்கு, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அப்படி ஒரு எடுப்பு அந்தத் தெருவில் அதற்கு முன் நடந்ததில்லை. சுடுகாட்டில் வாய்க்கரிசி போடும்போது ராஜாங்கம் கையில் அரிசியோடு குனிந்தான். கொளஞ்சியப்பனுக்குப் பங்காளி முறையில் சடையன் என்று ஒரு பெரியவர் இருந்தார், சடங்கெல்லாம் அவர் சொல்லித்தான். அவர் சொன்னார்: "சும்மா போடாதப்பா. கூப்ட்டுப் போடணும். கடைசி வாக்கு."

அவன் அரிசியை அவள் வாயில் போட்டான். "அக்கா" என்றான்.

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சடையன் அவன் தோளைத் தொட்டு, "அம்மான்னு சொல்லுப்பா. இன்னிக்காச்சும் சொல்லு" என்றார்.

ராஜாங்கம் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பிடிக் கூப்ட்டா அது திரும்பாது பெரியப்பா" என்றான்.